.223, 5.56 தோட்டா இரண்டும் ஒன்றா? ஒரு பெட்டி நிறைய கலந்து கிடக்கிறது, உதவுங்கள்

வைகைக்கரை | சனி இரவு 9:42

எல்லாருக்கும் வணக்கம். டல்லாஸ் பக்கம் இருக்கேன். ரெண்டு வருஷமா ஒரு ஏ.ஆர்-15 செமி-ஆட்டோ ரைஃபிள் வச்சிருக்கேன், மாசம் ஒரு தடவை ரேஞ்சுக்குப் போவேன். அதுக்கு மேல அனுபவம் கிடையாது.

மச்சான் வீடு மாத்தும்போது அவரோட, கையால பூட்டை இழுத்து மூடிச் சுடற போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளையும், ஒரு பச்சை இரும்புப் பெட்டி நிறைய தோட்டாவையும் என்கிட்ட கொடுத்துட்டார். அட்டைப்பெட்டி எதுவும் இல்லை, எல்லாம் உதிரி. அறுநூறு பக்கம் இருக்கும். அடிப்பக்கம் திருப்பிப் பார்த்தா சிலதுல ".223 ரெம்", அதாவது ரெமிங்டன்னு இருக்கு. சிலதுல "எல்.சி."னு போட்டு ரெண்டு இலக்கம், பக்கத்துல வட்டத்துக்குள்ள ஒரு கூட்டல் குறி. சிலதுக்கு நுனியில பச்சை பெயின்ட். மத்தபடி பார்க்க எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கு. ஸ்கேல் வச்சும் அளந்து பார்த்தேன், வித்தியாசம் பிடிபடலை.

கூட்டல் குறி போட்டதுல ஒண்ணை எடுத்து அந்த போல்ட் ரைஃபிள்ல வச்சு மூடிப் பார்த்தேன். வழுக்கிக்கிட்டு உள்ளே போச்சு. சுடலை. அடுத்த சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போறேன். கலந்து ரெண்டு துப்பாக்கியிலயும் சுடலாமா?

பித்தளைப்பித்தன் | சனி இரவு 10:20

தம்பி, சுடுறதுக்கு முன்னாடி கேட்டீங்க, ரொம்ப நல்லது. ஆனா ஒண்ணு சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க. வீட்டுக்குள்ள நிஜத் தோட்டாவை வச்சு போல்ட்டை மூடிப் பார்க்கிற வேலை இனிமே வேண்டாம். பொருந்துதான்னு பார்க்கணும்னா அதுக்கு டம்மி தோட்டா கடையிலயே கிடைக்குது.

அடுத்தது, "உள்ளே போச்சு" என்பதை வச்சு ஒரு முடிவுக்கும் வராதீங்க. நான் பதினஞ்சு வருஷமா சொந்தமா ரீலோட் பண்றேன், அதாவது காலிக் கூட்டுல வெடிமருந்தும் குண்டும் வச்சுத் திரும்பத் தோட்டா ஆக்கறேன். இந்த விஷயத்துல நான் பார்த்த தப்பு முக்காவாசி "உள்ளே போச்சே" என்ற வார்த்தையிலதான் ஆரம்பிச்சிருக்கு.

எல்.சி. என்பது லேக் சிட்டி ராணுவத் தோட்டா ஆலை. வட்டத்துக்குள்ள கூட்டல் நேட்டோ குறி, அதாவது ராணுவ 5.56. .223 பித்தளைக் கூடும் 5.56 பித்தளைக் கூடும் வெளி அளவுல ஒண்ணுதான், உங்க ஸ்கேல் சரியாத்தான் சொல்லியிருக்கு. வித்தியாசம் தோட்டாவுல கொஞ்சம், சேம்பர்ல, அதாவது தோட்டா உட்காரும் அறையில, நிறைய. அந்த அறை முடியற இடத்துக்கும், பேரலுக்குள்ள குண்டைச் சுழல வைக்கிற வரி ஆரம்பிக்கிற இடத்துக்கும் நடுவுல குண்டு எதிலயும் உரசாம ஓடறதுக்குக் கொஞ்சம் இடம் விட்டிருப்பாங்க. லீட்னு சொல்லுவோம். ராணுவ 5.56 சேம்பர்ல அந்த இடம் .223 சேம்பரைப் போல சுமார் ரெண்டு மடங்கு. குண்டு கிளம்பி, கொஞ்சம் ஓடி, அப்புறம்தான் வரியில கடிக்கும். அந்த இடைவெளியில அழுத்தம் ஏறுற வேகம் மட்டுப்படும். ராணுவத் தோட்டாவுக்கு மருந்து போடறவங்க அந்த நீள இடத்தைக் கணக்குல வச்சுத்தான் போடறாங்க.

அதே தோட்டாவை .223 சேம்பர்ல வச்சா குண்டு கிளம்பின உடனே வரியில முட்டும். அழுத்தம் சட்டுனு உச்சிக்குப் போகும். ஆக, 5.56னு முத்திரை உள்ள பேரல்ல ரெண்டையும் சுடலாம். .223னு முத்திரை உள்ள பேரல்ல .223 மட்டும்தான். அமெரிக்கத் தயாரிப்பாளர்களோட தர அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. வெளியிடற "பாதுகாப்பில்லாத ஜோடி" பட்டியல்ல .223க்கு நேரா 5.56 ராணுவத் தோட்டான்னே போட்டிருக்கு.

இப்ப என் கேள்வி. உங்க ரெண்டு பேரல் மேலயும் என்ன பொறிச்சிருக்கு? மச்சான் என்ன சொன்னார்னு வேண்டாம், கடைக்காரர் சொன்னதும் வேண்டாம். உலோகத்துல என்ன இருக்கோ அதை அப்படியே எழுதுங்க.

லோன்ஸ்டார்_லெட்சு | சனி இரவு 11:05

பித்தன் அண்ணா மேல மரியாதை உண்டு. ஆனா இதைப் படிக்கிற புதுசா வந்தவங்க பயந்துடுவாங்க. என்கிட்ட இருக்கிறது .223 முத்திரை போட்ட ரைஃபிள்தான். 5.56 மூவாயிரம் ரவுண்டாவது சுட்டிருப்பேன். ஒரு குறையும் இல்லை. துப்பாக்கி செய்யறவங்க இதுக்கெல்லாம் தாங்கற மாதிரித்தான் செய்வாங்க.

பித்தளைப்பித்தன் | ஞாயிறு காலை 7:15

லெட்சு, நானும் இதே மாதிரி பேசினவன்தான். அதனால நடந்ததைச் சொல்றேன்.

என்கிட்ட முன்னாடி ஒரு செமி-ஆட்டோ இருந்தது, பேரல்ல .223 முத்திரை. ராணுவ 55 கிரெய்ன் (குண்டோட எடை) தோட்டா மலிவா கிடைச்சதுன்னு ஒரு வருஷம் அதையே சுட்டேன், ஒண்ணும் ஆகலை. ஒரு ஜூலை மாசம், தோட்டாப் பெட்டி மதியம் வரைக்கும் கார் டிக்கியிலயே கிடந்தது. கையில எடுத்தா பித்தளை சுட்டுது. மேகசின்ல நிரப்பி ஆரம்பிச்சேன். ஏழாவதோ எட்டாவதோ, ட்ரிகரை இழுத்தா அசையவே இல்லை. முன்னாடியும் போகலை, பின்னாடியும் வரலை.

துப்பாக்கி முனையை இலக்குப் பக்கமே வச்சு, மேகசினைக் கழட்டி, காலி பண்ணி, ரேஞ்ச் ஆபீஸரைக் கூப்பிட்டேன். ரெண்டு பேருமா திறந்து பார்த்தோம். ட்ரிகருக்கு அடியில ஒரு பிரைமர் மூடி, அதாவது கூட்டோட அடியில இருந்து மருந்தைப் பத்த வைக்கிற குட்டி மூடி, மாட்டிக்கிட்டிருந்தது. நசுக்கின மிளகு மாதிரி இருக்கும், அவ்வளவுதான். கூட்டை விட்டுக் கழண்டு வந்து உள்ளே விழுந்திருக்கு. தரையில கிடந்த காலிக் கூடுகளைப் பொறுக்கிப் பார்த்தா ஒவ்வொண்ணோட அடியிலயும் போல்ட் முகத்துல இருக்கிற, காலிக் கூட்டை வெளியே தள்ளற எஜெக்டரோட துளை வட்டமா, பளபளன்னு அச்சு விழுந்திருக்கு. பித்தளை இளகி அந்தத் துளைக்குள்ள பிதுங்கற அளவுக்கு அழுத்தம். எல்லாக் கூட்டுலயும் அந்த அச்சு இருந்தது. அதாவது அன்னைக்கு மட்டும் இல்லை, அந்த ஒரு வருஷமும் என் துப்பாக்கி சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கு, நான்தான் குனிஞ்சு பார்க்கலை.

சூடு ஏறினா மருந்து வேகமா எரியும், அழுத்தம் கூடும். டெக்சாஸ் வெயில்ல கார் டிக்கி எப்படி இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். மூவாயிரம் ரவுண்டு போயிருக்கு, சரி. அடுத்த தடவை காலிக் கூடு பத்தை எடுத்து அடியைப் பாருங்க. பார்த்துட்டு இங்கே எழுதுங்க.

தாமிரபரணி | ஞாயிறு காலை 10:30

அண்ணா சொன்னதன் முடிவோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் இதைப் பற்றி இணையத்தில் ஒரு தவறான கணக்கு சுற்றுகிறது. அதையும் இங்கேயே தெளிவாக்கிவிட்டால் நல்லது.

.223க்கு எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. வைத்திருக்கும் உச்ச அழுத்தம் 55,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). நேட்டோ முறையில் 5.56க்குச் சொல்லும் எண் 62,366. உடனே ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து "ஏழாயிரம் அதிகம்" என்று எழுதிவிடுகிறார்கள். அப்படிக் கழிக்கக் கூடாது. அமெரிக்க முறையில் அழுத்தமானியைக் கூட்டின் நடுப்பகுதிக்கு நேராக வைக்கிறார்கள். நேட்டோ முறையில் கூட்டின் வாய்ப்பக்கம். ஒரே தோட்டாவை இரண்டு முறையிலும் அளந்தால் இரண்டு எண் வரும். ஒருவருக்குக் கையிடுக்கிலும் நாக்கின் அடியிலும் காய்ச்சல் பார்த்தால் வேறு வேறு காட்டும் அல்லவா, அதைப் போல. ஐரோப்பாவின் சி.ஐ.பி. அமைப்போ .223க்கே 4,300 பார் உச்ச அளவு கொடுத்திருக்கிறது. அதை மாற்றினால் அதே 62,366 பி.எஸ்.ஐ. அவர்கள் கணக்கில் இரண்டும் ஒரே தோட்டாதான்.

ஆகவே "5.56 போட்டால் .223 துப்பாக்கி வெடித்துவிடும்" என்பதும் சரியில்லை, "இரண்டும் ஒன்றுதான், பயம் வேண்டாம்" என்பதும் சரியில்லை. கவலைப்பட வேண்டியது எண்ணை அல்ல, அந்தக் குறுகிய லீட்டை. அழுத்தமான தோட்டா, குறுகிய லீட், வெயில், அழுக்கடைந்த சேம்பர் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் சேர்க்கும். தயாரிப்பாளர் விட்டுவைத்த இடைவெளியை நாமே தின்றுகொண்டு போகிறோம். எந்தச் சனிக்கிழமை தீரும் என்று யாருக்கும் தெரியாது.

.223 முத்திரை இருந்தும் கையேட்டில் 5.56 சுடலாம் என்று தயாரிப்பாளரே எழுதிக் கொடுக்கும் துப்பாக்கிகள் உண்டு. ரூகர் மினி-14 அப்படித்தான், அதிலும் டார்கெட் மாடலுக்கு அந்த அனுமதி கிடையாது. லெட்சு அவர்களே, உங்கள் ரைஃபிளின் கையேட்டைத் திறந்து பாருங்கள். அதில் அனுமதி இருந்தால் இந்த வாதமே உங்களுக்கு இல்லை. ".223 வைல்ட்" என்று ஒரு முத்திரையும் உண்டு. பில் வைல்ட் வடிவமைத்த சேம்பர் அது, இரண்டுக்கும் பொருந்தும்படி வெட்டியது. போட்டியில் சுடுகிற எனக்கு அதுதான் பிடித்தது.

சுபேதார்_ஓய்வு | ஞாயிறு மாலை 6:10

வணக்கம். ராணுவத்தில் இருபத்தாறு ஆண்டு இருந்தேன். இப்போது மகன் வீட்டில் ஆறு மாதம், ஊரில் ஆறு மாதம்.

எண்ணை மட்டும் வைத்துத் தோட்டாவைச் சொல்லாதீர்கள் என்பதற்கு எங்கள் படைப்பிரிவே உதாரணம். எஸ்.எல்.ஆர். ரைஃபிளுக்கு 7.62 எம்.எம்., அதன் கூடு 51 எம்.எம். நீளம். ஏ.கே.க்கும் 7.62 எம்.எம்., அது 39 நீளம். டிராகுனோவ் ஸ்னைப்பருக்கும் 7.62 எம்.எம்., அது 54 நீளம், அடியில் விளிம்பு உள்ளது. மூன்றும் மூன்று சாதி, ஒன்று மற்றதில் ஆகாது. புதிதாக வந்த பையன் ஸ்டோரில் போய் "7.62 கொடுங்கள்" என்றால் ஹவில்தார் திருப்பி அனுப்பிவிடுவார். ஆயுதத்தின் பெயரைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். இன்சாஸ் வந்தபின் 5.56ம் சேர்ந்துகொண்டது. ஒரே கோத்தில், அதாவது ஆயுத அறையில், நான்கு வகை. ஒரு நாளும் ஒரு பெட்டியில் இரண்டு வகை வைத்ததில்லை. ஒரு மேசையில்கூட இரண்டு பெட்டி ஒரே நேரத்தில் திறந்திருக்காது.

தம்பி வைகைக்கரை, "அறுநூறு பக்கம் இருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கம் என்ற சொல் தோட்டாக் கணக்கில் கிடையாது. எங்களுக்கு ரேஞ்சில் காலிக் கூடும் எண்ணித்தான் வரும். கோக்கா என்போம். ஒரு கோக்கா குறைந்தால் இருட்டும்வரை புல்லைச் சீப்பிட்டுத் தேடுவோம். கடைசியில் ஒவ்வொருவரும் பையைத் தட்டிக் காட்டி, உயிருள்ள தோட்டாவோ கோக்காவோ என்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும். நீங்கள் அந்தப் பெட்டியைக் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, வகை பிரித்து எண்ணுங்கள். எண்ணிக்கையை இங்கே எழுதுங்கள்.

கொங்குநாடன் | ஞாயிறு இரவு 8:50

நானுங்க கோபி பக்கம், விவசாயம். ரைஃபிள் எல்லாம் தெரியாதுங்க, அப்பாரு காலத்து டபுள் பேரல் 12 போர்தான், பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ். இழையைப் படிச்சதும் அப்பாரு சொன்னது ஞாபகம் வந்துச்சு.

ஒருக்கா குடகுல இருந்து வந்த விருந்தாளிகிட்ட 20 போர் இருந்துச்சுங்க, அது தோட்டா 12 போரை விட ஒல்லி. ரெண்டு பேரு தோட்டாவும் திண்ணையில கிடந்தது. அப்பாரு சத்தம் போட்டு தனித்தனிப் பையில போட வச்சாரு. காரணம் கேட்டதுக்கு, 20 போர் தோட்டா ஒண்ணை எடுத்து, துப்பாக்கியை முறிச்சு, பேரலுக்குள்ள விட்டாரு. சர்ருன்னு உள்ள போய் கொஞ்ச தூரத்துல நின்னுக்கிச்சு. பின்னாடி இருந்து பார்த்தா அறை காலியா இருக்குதுங்க. "சுட்டேன், வெடிக்கல, போடாம விட்டுட்டேன் போலன்னு நினைச்சு ஒரு 12 போரை அதுக்குப் பின்னாடி வச்சுச் சுட்டா என்ன ஆகும்?"னு கேட்டாரு. பேரலை முன்பக்கம் வானத்தைப் பார்த்துப் பிடிச்சுக் குச்சியால தட்டி எடுக்கறதுக்குள்ள எனக்கு வேர்த்துப் போச்சுங்க. அமெரிக்காவுல 20 போருக்கு மஞ்சக் கலர் கூடுன்னு படிச்சேன். அந்த ஏற்பாடு ரொம்ப நல்லதுங்க.

பித்தளைப்பித்தன் | ஞாயிறு இரவு 9:30

கொங்கு தம்பி சொன்னதுக்கு ரைஃபிள் உலகத்துல ஒரு அண்ணன் இருக்கு. .300 பிளாக்அவுட். வைகைக்கரை தம்பி பெட்டியைப் பிரிக்கப் போறதால இதை இப்பவே சொல்லணும். இவ்வளவு நேரம் பேசினது பிரைமர் கழண்டு விழுற விஷயம். இது துப்பாக்கியே பிளக்கிற விஷயம்.

.300 பிளாக்அவுட் 2011ல எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. தரத்துக்குள்ள வந்தது. ஏ.ஆர்-15ல பேரலை மட்டும் மாத்தினா போதும், போல்ட்டும் அதே, மேகசினும் அதேன்னு இருக்கணும்னு யோசிச்சுச் செஞ்ச தோட்டா. அதுக்காக .223 கூட்டையே 45 மி.மீ.ல இருந்து 35க்கு வெட்டி, வாயை அகலமாக்கி, உள்ளே .308 அளவு குண்டை வச்சாங்க. நல்ல யோசனைதான், வேலையும் செய்யுது. ஆனா அந்த வசதியேதான் ஆபத்து. ஒரே மேகசின், ஒரே நீளம், ஒரே அடி. ரேஞ்ச் மேசையில ரெண்டு மேகசின் கிடந்தா வெளியில இருந்து பார்த்து எது எதுன்னு சொல்ல முடியாது.

இதை .223 சேம்பர்ல விட்டா பல நேரம் குண்டு சேம்பர் குறுகற தோள் பகுதியில முட்டி போல்ட் மூடாது. அது நம்ம அதிர்ஷ்டம். ஆனா குண்டு சின்னதா, கூர்மையா இருந்தாலோ, கூட்டுக்குள்ள இறுக்கமா பிடிக்காம இருந்தாலோ, போல்ட் வேகமா வந்து இடிக்கும்போது குண்டு பின்னாடி தள்ளிக்கிட்டு போயிடும். போல்ட் மூடிடும். அப்புறம் 7.8 மி.மீ. குண்டு 5.7 மி.மீ. ஓட்டைக்குள்ள போகணும். போகாது. மொத்த அழுத்தமும் சுடறவன் முகத்துக்கு ரெண்டு சாண் தூரத்துல வெளியே வரும்.

போல்ட் முழுசா மூடலைன்னா போல்ட்டை முன்னாடி தள்ளற ஃபார்வர்ட் அசிஸ்ட் பொத்தானைக் கையால தட்டித் தள்ளற பழக்கம் சிலருக்கு இருக்கு. தயவு செஞ்சு விட்டுடுங்க. மூடலைன்னா வெளியே எடுத்து என்னன்னு பாருங்க.

கரிசல்காட்டான் | திங்கள் காலை 6:40

இழையோடு ஒட்டிய ஒரு கேள்வி. நான் ஓக்லஹோமாவில் இருக்கிறேன். சில வருடம் முன்பு ஒரு இஷாப்பூர் 2ஏ1 ரைஃபிள் வாங்கினேன், நம் நாட்டில் செய்தது என்ற ஆசைதான். பேரலில் 7.62 என்று இருக்கிறது. கடையில் .308 வின்செஸ்டர்தான் சுலபமாகக் கிடைக்கிறது. .308ம் 7.62 நேட்டோவும் எப்படி? இதிலும் ராணுவத் தோட்டாதான் பலம் கூடியதா?

பித்தளைப்பித்தன் | திங்கள் இரவு 9:15

நல்ல துப்பாக்கி வச்சிருக்கீங்க. 1962 சீனப் போருக்கு அப்புறம் வங்காளத்துல இஷாப்பூர் தொழிற்சாலை லீ-என்ஃபீல்ட் வடிவத்தை 7.62 நேட்டோவுக்கு மாத்திச் செஞ்சது. பழைய .303 துப்பாக்கியைத் திருத்தினதுன்னு பலர் சொல்லுவாங்க, தப்பு. புதுசாவே, இன்னும் நல்ல எஃகுல செஞ்சது. முதல்ல வந்த 2ஏ மாடல்ல, குறி பார்க்கிற பின்பக்க சைட்ல தூர அளவு 2,000 மீட்டர் வரைக்கும் இருந்தது, 2ஏ1ல 800 ஆக்கினாங்க.

உங்க கேள்விக்கு வர்றேன். இந்த ஜோடி .223 ஜோடிக்குத் தலைகீழ். .308தான் 1952ல முதல்ல கடைக்கு வந்தது, 7.62ஐ நேட்டோ 1954ல ஏத்துக்கிச்சு. .308க்கு எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. உச்சம் 62,000 பி.எஸ்.ஐ. 7.62க்கு 50,000ன்னு ராணுவக் கையேட்டுல இருந்த எண்ணை வச்சு ".308 பன்னிரண்டாயிரம் அதிகம்"னு எழுதுவாங்க. அந்த 50,000 செம்பு உருளையை நசுக்கி அளக்கிற பழைய முறையில வந்த எண். அதே பழைய முறையில .308க்கு 52,000. தாமிரபரணி சொன்ன அதே குழப்பம்தான். அழுத்தத்துல பெரிய வித்தியாசம் கிடையாது.

இதுல பார்க்க வேண்டியது ஹெட்ஸ்பேஸ். போல்ட் முகத்துக்கும் தோட்டாவோட தோள் முட்டி நிக்கிற இடத்துக்கும் நடுவுல இருக்கிற தூரம். .308 சேம்பர்ல குறைஞ்ச அளவு 1.630 அங்குலம். ராணுவச் சேம்பர் ஆரம்பமே சுமார் 1.635, உச்ச எல்லை 1.645 வரைக்கும் போகும். சேறு, மண்ணு, சூடு எதுலயும் இயங்கணுமேன்னு தாராளமா விட்டிருக்காங்க. ராணுவக் கூடு பித்தளை தடிமனா இருக்கும், அந்த இடைவெளிக்கு நீண்டு கொடுத்தாலும் தாங்கும். கடை .308 கூடு மெலிசு. தளர்ந்த சேம்பர்ல நீண்டு, அடிக்கு மேல ஒரு விரல்கடை உயரத்துல அறுந்து போக வாய்ப்பு இருக்கு. பின்பக்கம் பூட்டற லீ-என்ஃபீல்ட் வகைத் துப்பாக்கியில சுடும்போது போல்ட்டும் கொஞ்சம் நெளிஞ்சு கொடுக்கும், அதனால கூடு இன்னும் நீளும்.

என் யோசனை இது. முதல்ல துப்பாக்கி மெக்கானிக்கிட்ட ஹெட்ஸ்பேஸ் கேஜ் போட்டுப் பார்க்கச் சொல்லுங்க. அப்புறம் 7.62 நேட்டோன்னு எழுதின 147 கிரெய்ன் மாதிரி தோட்டாவையே சுடுங்க. வேட்டைக்கு வர்ற கனமான, வேகமான .308 அதுக்கு வேண்டாம். சுட்டு முடிச்ச கூட்டைச் சோதிக்க ஒரு வழி இருக்கு. பேப்பர் கிளிப்பை நீட்டி நுனியை நகம் மாதிரி வளைச்சுக்கோங்க. கூட்டுக்குள்ள அடிவரைக்கும் விட்டு, சுவரை ஒட்டி மெதுவா மேலே இழுங்க. அடிக்கிட்ட நுனி ஒரு பள்ளத்துல "டக்"குனு மாட்டினா, கூடு உள்ளுக்குள்ள அறுந்துக்கிட்டு வருதுன்னு அர்த்தம். வெளியில அதே உயரத்துல ஒரு பளபளப்பான வளையமும் தெரியும். அப்படி ஒண்ணு பார்த்தாலும் சுடறதை நிறுத்திடுங்க.

தாமிரபரணி | திங்கள் இரவு 10:40

பெயர் குழப்பத்துக்கு இன்னொரு உண்மைக் கதை. .270ம் .280 ரெமிங்டனும் .30-06 தோட்டாக் குடும்பத்துப் பிள்ளைகள். .280 குண்டு கொஞ்சம் பெரிது. அது .270 துப்பாக்கியில் தவறிப் போய்விடக் கூடாது என்று, 1957ல் வடிவமைக்கும்போதே தோளை அங்குலத்தில் இருபதில் ஒரு பங்கு முன்னே நகர்த்திவிட்டார்கள். போல்ட் மூடாது. மனிதன் மறப்பான் என்று தெரிந்து உலோகத்திலேயே தடுப்பு வைத்தார்கள், எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

அதே தோட்டாவுக்கு 1979ல் "7 எம்.எம். எக்ஸ்பிரஸ் ரெமிங்டன்" என்று புதுப்பெயர் வைத்தார்கள். ஏற்கெனவே "7 எம்.எம். ரெமிங்டன் மேக்னம்" என்று பெரிய தோட்டா ஒன்று கடையில் இருந்தது. வாங்குகிறவர்கள் குழம்பிப்போனார்கள். கடைசியில் .280 என்ற பழைய பெயருக்கே திரும்பினார்கள். ஆகவே பெட்டியின் பெயரை முழுக்கப் படியுங்கள், கடைசிச் சொல் வரை.

லோன்ஸ்டார்_லெட்சு | செவ்வாய் இரவு 8:05

பித்தன் அண்ணா, நேத்து ரேஞ்சுக்குப் போய் பத்துக் கூடு எடுத்துப் பார்த்தேன். ஆறுல அந்த வட்ட அச்சு இருக்கு. ரெண்டுல பிரைமர் ஓரம் உருண்டையா இல்லாம தட்டையா பரவியிருக்கு. கையேட்டையும் பார்த்தேன். ".223 மட்டும்"னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. நாலு வருஷமா அந்தப் பக்கத்தை நான் திறந்ததே இல்லை. மிச்சம் இருக்கிற 5.56 எல்லாம் என் சொந்தத் தம்பிக்குக் கொடுத்துட்டேன், அவனோடது 5.56 பேரல். மேலே நான் எழுதினதை யாரும் நம்பிச் செய்ய வேண்டாம்.

வைகைக்கரை | வியாழன் இரவு 11:20

எல்லாருக்கும் நன்றி. வேலை முடிஞ்சு மூணு ராத்திரி உட்கார்ந்தேன்.

என் ஏ.ஆர்: "5.56 நேட்டோ 1/7", அதாவது வரி 7 அங்குலத்துக்கு ஒரு சுத்து. மச்சானோட போல்ட் ரைஃபிள்: ".223 ரெம்" மட்டும். நான் அன்னைக்கு உள்ளே விட்டது நேட்டோ குறி போட்டது. சுடாம விட்டதுக்கு இப்பதான் மூச்சு வந்தது.

போல்ட் ரைஃபிள்ல வரி எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுத்துன்னு முத்திரை இல்லை. இணையத்துல பார்த்து, துடைக்கிற கம்பியில துணியை இறுக்கமா சுத்தி, கம்பியில பேனாவால கோடு போட்டு, பேரலுக்குள்ள தள்ளினேன். கோடு ஒரு முழுச் சுத்து சுத்தி மேலே வர 12 அங்குலம் ஆச்சு. அதுக்கு ஏத்த குண்டு எது?

பெட்டியை சாப்பாட்டு மேசையில துணி விரிச்சுக் கொட்டினோம். ஒவ்வொண்ணா நிக்க வச்சு அடியைப் படிச்சுப் பிரிச்சேன். பாதியில வீட்ல வந்து பார்த்துட்டு, "இந்த மூணு மட்டும் ஏன் கழுத்து குட்டையா, தலை தடியா இருக்கு?"ன்னு கேட்டாங்க. நான் அடியை மட்டும் படிச்சு அதை எல்.சி. கூட்டத்துல வச்சிருந்தேன். மூணுலயும் எல்.சி., மூணுலயும் கூட்டல் குறி. ஆனா பக்கத்துல வச்சுப் பார்த்தா கூடு ஒரு சென்டிமீட்டர் குட்டை. குண்டோட தடிமன் கூட்டோட தோள் வரைக்கும் அப்படியே வருது. இதுதான் நீங்க சொன்ன .300 பிளாக்அவுட்டா?

பித்தளைப்பித்தன் | வியாழன் இரவு 11:48

அதேதான் தம்பி. ராணுவ 5.56 காலிக் கூட்டை வெட்டி யாரோ வீட்டுல ரீலோட் பண்ணது. அதான் அடியில இன்னும் எல்.சி. முத்திரை இருக்கு. அடி முத்திரை அந்தப் பித்தளை பிறந்த இடத்தைத்தான் சொல்லும், இப்ப உள்ளே என்ன இருக்குன்னு சொல்லாது. வீட்ல இருக்கிறவங்க கண்ணு பெரிய கண்ணு, என் வணக்கத்தைச் சொல்லுங்க.

அந்த மூணையும் குப்பையில போடாதீங்க, நீங்களே பிரிக்கவும் வேண்டாம். ரேஞ்ச் ஆபீஸர்கிட்ட கொடுங்க, அவங்ககிட்ட அதுக்குன்னு பெட்டி இருக்கும். மூணு ரீலோட் கலந்திருந்தா மத்ததுலயும் ரீலோட் இருக்கலாம். ஃபேக்டரி ராணுவக் கூட்டுல பிரைமரைச் சுத்தி அழுத்தின வளையம் இருக்கும், கழுத்துல சூடுபட்ட மாதிரி நிறம் மாறியிருக்கும். எல்.சி.ல அது ரெண்டும் இல்லாதது எதுவா இருந்தாலும் சந்தேகம்தான், தனியா வைங்க. யார் மருந்து போட்டாங்கன்னு தெரியாத தோட்டாவை நான் என் துப்பாக்கியில விடமாட்டேன்.

தாமிரபரணி | வெள்ளி காலை 7:05

12 அங்குலச் சுற்றுக்கு 55 கிரெய்னும் அதற்குக் கீழும் சரியாக இருக்கும், .223 முத்திரை உள்ளதாக. பச்சை நுனி 62 கிரெய்ன் அந்த ரைஃபிளில் எப்படியும் கூடாது, அது 5.56. சுற்றும் போதாது. உள்ளே எஃகு முனை இருப்பதால் குண்டு நீளமானது, மெதுவான சுற்றில் நிலைகொள்ளாமல் பக்கவாட்டில் போய்த் தாளில் நீள ஓட்டை போடும். 7 அங்குலச் சுற்று உள்ள உங்கள் ஏ.ஆரில் நன்றாகப் போகும். ஆனால் பல ரேஞ்சுகளில் காந்தம் வைத்துச் சோதிப்பார்கள், ஒட்டினால் அனுமதி இல்லை. போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

இன்னொன்று. சுடும்போது "பொக்" என்று பலவீனமான சத்தம் வந்தாலோ, தோளில் உதை குறைந்தாலோ, அடுத்ததைச் சுடாதீர்கள். குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். சத்தமே வராவிட்டால் முனையை இலக்கை நோக்கியே பிடித்து முப்பது விநாடியாவது காத்திருங்கள், தாமதமாக வெடிப்பதும் உண்டு. பிறகு காலி செய்து, போல்ட்டை எடுத்து, பேரலில் கம்பி விட்டுப் பார்த்த பிறகுதான் தொடர வேண்டும்.

சுபேதார்_ஓய்வு | வெள்ளி காலை 8:30

எண்ணிக்கை இன்னும் வரவில்லை.

வைகைக்கரை | சனி மாலை 5:15

மன்னிக்கணும் ஐயா. இதோ. நேட்டோ குறி போட்டது 371, ஏ.ஆருக்கு, பச்சைப் பெட்டியில. .223 முத்திரை 214, போல்ட் ரைஃபிளுக்கு, புதுசா வாங்கின மண் நிறப் பெட்டியில. வெளியில பெயின்ட்டால பெருசா எழுதிட்டேன். ரெண்டு பெட்டியும் வேற வேற அலமாரி. ரீலோட்னு சந்தேகப்பட்டதும் நசுங்கினதும் 19. .300 பிளாக்அவுட் 3. கடைசி ரெண்டு வகையையும் இன்னைக்குக் காலையில ரேஞ்ச் ஆபீஸர் கையில எண்ணிக் கொடுத்தேன்.

மொத்தம் 607.

சுபேதார்_ஓய்வு | சனி மாலை 5:40

கூட்டிப் பார்த்தேன். கணக்கு சரி. மச்சானுக்கும் ஒரு போன் போட்டு, அவரிடம் வேறு பெட்டி ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று கேளுங்கள்.